யுத்தத்திற்குப் போவது யாரைக் கேட்டு?

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் மார்க்கமாகச் செல்லும் மின்சார ரயிலில் அம்பத்தூரைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் ஆவடி வருகிறது. இந்த ஊரின் பெயரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கவச வாகனங்கள், வெடிமருந்துக் கிடங்கு என்று பொருள்படும் இங்கிலீஷ் சொற்களின் முதலெழுத்துக்களைக் கோத்து ராணுவத்தார் இட்ட பெயரே ஆவடி என்று பலர் நம்புகின்றனர். கதை நன்றாகத்தான் இருக்கிறது. உண்மைதான் அதில் இல்லை. டாங்கித் தொழிற்சாலை தோன்றுவதற்கு முன்பே ஊர் இருந்தது, பெயரும் இருந்தது. எனினும் இத்தகைய கதை ஓர் ஊரைப் பற்றி எழ வேண்டுமானால், அவ்வூரின் வாழ்வில் ராணுவம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்க வேண்டும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது மகாயுத்தத்தின்போது ஆவடியில் பெரிய ராணுவ முகாம் அமைந்தது. 1961-ம் வருஷத்தில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. 1965-ம் வருஷத்து முடிவில் 'விஜயந்தா' என்னும் டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. பிறகு 'அஜேயா', 'அர்ஜுன்', 'பீஷ்மா' என்று வரிசையாகப் பல வந்தன. சிப்பாய் உடுத்தும் உடையும் ஆவடியிலேயே தைக்கப்படுகிறது. அவன் ஏறிச் செல்லும் டாங்கியும் ஆவடியிலேயே செய்யப்படுகிறது. அம்பத்தூரிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் காலையில் வேலைக்குப் புறப்படும் ஆயிரக்கணக்கான குடும்பஸ்தர்களுக்கு ராணுவம் என்பது பத்திரிகையில் படிக்கும் விஷயமன்று. அது அவர்களுடைய மாதச் சம்பளம்.

இந்த டாங்கிகள் எங்கே போகும்? நமது எல்லையைக் காக்கப் போகுமாயின் கேட்பதற்கு ஒன்றுமில்லை. கடல் கடந்து வேறொரு தேசத்தின் சண்டைக்குப் போக நேர்ந்தால் அதைத் தீர்மானிப்பவர் யார்? யாரைக் கேட்டு அனுப்புவார்கள்? இந்தக் கேள்வியை அமெரிக்க ஜனங்கள் ஒரு காலத்தில் மிகவும் பிடிவாதமாகக் கேட்டார்கள். அவர்களுடைய பிடிவாதத்தில் குற்றமும் உண்டு, குணமும் உண்டு. இரண்டையும் ஆராய்ந்து நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வது நல்லது.

பூந்தமல்லிக் கண்டோன்மெண்ட்

அமெரிக்காவுக்குப் போகுமுன் நமது அயலூரிலேயே சற்று நின்று பார்ப்போம். பூந்தமல்லியில் 'கண்டோன்மெண்ட்' என்ற பெயர் இன்னும் வழங்குகிறது. கம்பெனி காலத்தில் அங்கே பட்டாளத்தாரின் தங்குமிடம் இருந்தது. கப்பலிலிருந்து புதிதாய் இறங்கிய வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு அது பயிற்சி நிலையம். நோயுற்றவர்களுக்கு உடல் தேறும் இடம்.

அக்காலத்துச் சென்னைப் பட்டாளம் சென்ற இடங்களை எண்ணிப் பார்த்தால் வியப்புண்டாகும். 1762-ல் ஸ்பானியரிடமிருந்து மணிலாவைப் பிடிக்கச் சென்னையிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் நமது சிப்பாய்களும் இருந்தனர். 1811-ல் ஜாவா, 1824-ல் பர்மா, 1840-ல் சீனாவில் நடந்த அபின் யுத்தம். மணிலாவுக்குப் போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை. அந்நகருக்கு அருகிலுள்ள கைந்தா என்னும் ஊரில் குடியேறி, அவ்வூர்ப் பெண்களை மணந்து, அங்கேயே கலந்து போனார்கள் என்று வரலாறு கூறுகிறது.

ஸ்பானியனோடு நமக்கு என்ன பகை? ஜாவாவில் நமக்கு என்ன பங்கு? அபின் விற்பதற்குச் சீனன் தடை விதித்தால் செங்கற்பட்டுக் குடியானவனுக்கு அதனால் என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. கூலி கொடுத்தவன் போகச் சொன்னான். கூலி வாங்கியவன் போனான். பிறருக்காகப் பிறர் யுத்தத்தில் மடிவது நமது ஜனங்களுக்குப் புதிதன்று. போகலாமா, வேண்டாமா என்று அவர்களை யாரேனும் கேட்பதுதான் புதிது.

இரு சமுத்திரங்களின் நடுவே

அமெரிக்கர்களோ தங்களைக் கேட்டே தீரவேண்டும் என்று ஆதியிலேயே எழுதி வைத்துக்கொண்டவர்கள். யுத்தப் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை அவர்களுடைய அரசியல் சட்டம் ஜனாதிபதியிடம் கொடுக்கவில்லை. ஜனப் பிரதிநிதிகள் கூடும் அமெரிக்கக் காங்கிரஸிடம் கொடுத்தது. ராஜாக்கள் தங்கள் கௌரவத்திற்காகவும் பேராசைக்காகவும் மூட்டிய சண்டைகளில் ஐரோப்பிய ஜனங்கள் அழிந்ததைக் கண்டு, அந்தப் பாபம் தங்கள் மண்ணில் வேண்டாம் என்று அவர்கள் நினைத்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் 1796-ல் பதவியிலிருந்து விலகும்போது தம் ஜனங்களுக்கு விடுத்த செய்தியில், அந்நிய தேசங்களோடு நிரந்தர நேச உடன்படிக்கைகளில் மாட்டிக்கொள்ள வேண்டாமென்று எச்சரித்தார். கிழக்கே ஒரு சமுத்திரம், மேற்கே ஒரு சமுத்திரம். நடுவே விசாலமான பூமி. ஒதுங்கியிருப்பது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

இங்கே ஒன்றை மறைக்கலாகாது. ஒதுங்கல் என்று அவர்கள் சொன்னது ஐரோப்பாவின் சண்டைகளிலிருந்து ஒதுங்குவதையே. மெக்ஸிகோவிடமிருந்து நிலத்தைப் பறிக்கவும், 1898-ல் ஸ்பெயினோடு போரிட்டுப் பிலிப்பைன் தீவுகளைப் பிடித்துக்கொள்ளவும் அந்தக் கொள்கை தடையாக இருக்கவில்லை. பலவானோடு சண்டை வேண்டாம், பலஹீனனோடு பார்த்துக்கொள்ளலாம் என்பது எந்தச் சாஸ்திரப்படியும் அஹிம்ஸையாகாது.

ஆனால் சாதாரண ஜனங்களின் தயக்கம் வேறு வகையைச் சேர்ந்தது. 1916-ல் உட்ரோ வில்ஸன் மறுபடியும் ஜனாதிபதியானபோது, தேசத்தை யுத்தத்திலிருந்து விலக்கி வைத்தவர் என்பதே அவருக்காகச் செய்யப்பட்ட பெரிய பிரசாரம். அடுத்த வருஷம் ஏப்ரல் மாதத்தில் அதே வில்ஸன் யுத்தத்தில் இறங்கினார். 1,16,000-க்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் உயிரிழந்தனர். உலகத்தை ஜனநாயகத்திற்கு ஏற்றதாகச் செய்வதற்கே இந்தப் போர் என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்துச் சென்றார்கள். வெர்ஸேல்ஸ் மாநாட்டிலோ ஜயித்தவர்கள் தோற்றவர்களின் நாடுகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அமெரிக்க ஸெனட் சபை அந்த உடன்படிக்கையை ஏற்க மறுத்தது. 1934-ல் ஸெனட்டர் நை என்பவரின் தலைமையில் ஒரு விசாரணைக் கமிட்டி ஏற்பட்டு, துப்பாக்கியும் வெடிமருந்தும் விற்றவர்களும் கடன் கொடுத்த பாங்கிக்காரர்களும் அந்த யுத்தத்தில் அடைந்த லாபத்தை அம்பலப்படுத்தியது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இந்தக் கணக்கைப் படித்தார்கள். 1935 முதல் ஒன்றன்பின் ஒன்றாக நடுநிலைமைச் சட்டங்கள் நிறைவேறின.

அந்த நாட்களில் இந்தியானா ராஜ்யத்தின் பிரதிநிதி லூயி லட்லோ ஒரு விசித்திரமான யோசனையைக் கொண்டுவந்தார். தேசத்தின்மீது நேரடியாகத் தாக்குதல் நடந்தாலன்றி, யுத்தப் பிரகடனம் செய்யுமுன் ஜனங்கள் அனைவரின் வோட்டையும் பெறவேண்டும் என்று அரசியல் சட்டத்தையே திருத்தலாம் என்றார். உயிரைக் கொடுப்பவன் எவனோ அவனே சம்மதம் கொடுக்கட்டும் என்பது அதன் சாரம். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அதைக் கடுமையாக எதிர்த்தார். 1938-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி அந்த யோசனையை விவாதத்திற்கு எடுக்கலாமா என்ற வோட்டெடுப்பில் 188 பேர் ஆதரித்தனர். 209 பேர் எதிர்த்தனர். யோசனை தோற்றது. பத்துப் பன்னிரண்டு பேர் மனம் மாறியிருந்தால் விவாதம் நடந்திருக்கும்.

நம்மைக் கேட்கவில்லை

இது நடந்து இருபது மாதங்கூட ஆகவில்லை. 1939-ம் வருஷம் செப்டம்பர் 3-ந் தேதி, இந்தியாவும் ஜெர்மனியோடு யுத்தத்தில் இருக்கிறது என்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபு அறிவித்தார். மத்திய சட்டசபையைக் கேட்கவில்லை. மாகாண மந்திரிசபைகளைக் கேட்கவில்லை. காந்தியடிகளையோ ஜவாஹர்லால் நேருவையோ கேட்கவில்லை. ஒரு கண்டத்தையொத்த தேசம் ஒரு மனிதரின் அறிவிப்பினால் உலக யுத்தத்தில் சேர்ந்துவிட்டது. அமெரிக்காவில் ஜனங்கள் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டுமென்று சட்டம் கொண்டுவர முயன்ற அதே காலத்தில், இங்கே ஜனங்களின் பிரதிநிதிகளில் ஒருவரைக்கூடக் கேட்பது அவசியமாகத் தோன்றவில்லை.

நமது காங்கிரஸ் மகாசபை அன்று கொண்ட நிலைமையைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கின்றனர். ஹிட்லரிடம் அதற்கு அனுதாபம் இருந்ததில்லை. ஜப்பானியரின் தாக்குதலுக்கு ஆளான சீனாவுக்கு 1938-லேயே டாக்டர்களை அனுப்பியது காங்கிரஸ். அப்படிப் போன டாக்டர் கோட்னீஸ் அங்கேயே உயிர் நீத்தார். அதே வருஷத்தில் நேரு ஸ்பெயினுக்குச் சென்று, பாஸிஸத்தை எதிர்த்துப் போராடிய குடியரசுக் கட்சியாருக்குத் தமது ஆதரவைத் தெரிவித்தார். உலகம் எப்படியாவது போகட்டும், நமக்கென்ன என்ற மனப்பான்மை அங்கே இல்லை. ஜனநாயகத்திற்காகப் போரிடுவதாகச் சொல்லுகிறீர்களே, அந்த ஜனநாயகம் எங்களுக்கும் உண்டா என்பதே 1939 செப்டம்பர் 14-ந் தேதி காரியக் கமிட்டி கேட்ட கேள்வி. திருப்தியான பதில் வரவில்லை. அக்டோபர் மாத முடிவில் சென்னையில் ராஜாஜி மந்திரிசபை ராஜிநாமாச் செய்தது. மற்ற மாகாணங்களிலும் காங்கிரஸ் மந்திரிகள் பதவியைத் துறந்தனர்.

1940-ம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி வினோபா பாவே தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கிவைத்தார். ஆளாலும் பணத்தாலும் இந்த யுத்தத்திற்கு உதவுவது தவறு என்று பகிரங்கமாகச் சொல்வதே சத்தியாக்கிரகியின் செயல். அதற்குரிய தண்டனை சிறைவாசம். தேசமெங்கும் 20,000-க்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். தமிழ் நாட்டில் சத்தியமூர்த்தி சிறை சென்றார். யுத்த நிதிக்குப் பணம் கொடுக்கலாகாதென்று பேசிய காமராஜர் 1940 டிசம்பரில் கைதாகி வேலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். சிறையிலிருக்கும்போதே விருதுநகர் மக்கள் அவரை நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.

ஆயினும் யுத்தம் நம்மை விடவில்லை. 1945-ல் இந்தியப் பட்டாளத்தில் 25 லட்சம் பேர் இருந்தனர். அவர்களில் 87,000 பேர் வரை மாண்டனர் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. பிழைப்பைத் தேடிச் சேர்ந்தவர்களே அவர்களில் அநேகர். அவர்களுடைய வீரத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. அவர்களை அனுப்பிய முறையையே நாம் குறை கூறுகிறோம்.

எம்டன் சொன்ன பாடம்

ஒதுங்கி நின்றால் பத்திரமாயிருக்கலாம் என்ற நம்பிக்கை மட்டும் சரியா? அதுவும் சரியன்று என்பதற்குச் சென்னைவாசிகளே சாட்சி. 1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு, ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தருகே வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போயிற்று. எங்கோ ஐரோப்பாவில் நடந்த யுத்தம் ஒரே இரவில் நமது கடற்கரைக்கு வந்துவிட்டது. கைகாரனை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கம் தமிழில் நிலைத்ததற்கு அதுவே காரணம். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கியபோது சென்னையின் ஜனங்கள் மூட்டை முடிச்சுக்களோடு உள்நாட்டுக்கு ஓடினார்கள். கடல் அரணாகவும் இருக்கும், பாதையாகவும் இருக்கும்.

அமெரிக்கர்களும் இதை அனுபவித்தே அறிந்தனர். 1940 செப்டம்பரில் 'அமெரிக்கா முதலில்' என்ற ஸ்தாபனம் தோன்றி லட்சக்கணக்கான அங்கத்தினர்களைச் சேர்த்தது. ஆகாய வீரர் சார்ல்ஸ் லிண்ட்பெர்க் அதன் முக்கியமான பிரசாரகர். அவர்களில் உண்மையான சமாதானப் பிரியர்கள் அநேகர் இருந்தனர். ஆனால் லிண்ட்பெர்க்கே 1941 செப்டம்பரில் ஒரு கூட்டத்தில், யூதர்கள் தேசத்தை யுத்தத்திற்குத் தள்ளுகிறார்கள் என்று பழி கூறினார். அதற்கு இரண்டு வருஷங்களுக்கு முன்பு, ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி வந்த சுமார் 900 யூத அகதிகளை ஏற்றிய 'செயின்ட் லூயி' என்ற கப்பல் அமெரிக்கக் கரையருகே வந்தும் இறங்க அனுமதி கிடைக்காமல் ஐரோப்பாவுக்கே திரும்பிற்று. அவர்களில் பலர் பின்னர் நாஜிகளின் கையில் சிக்கி மடிந்தனர். பிறர் சண்டையில் தலையிடமாட்டோம் என்பது ஒன்று. அடைக்கலம் என்று வந்தவனுக்குக் கதவை அடைப்பது வேறு. முன்னது கொள்கையாக இருக்கலாம். பின்னது கல்நெஞ்சம்.

ரூஸ்வெல்ட்டின் நடத்தையும் ஆராயத்தக்கது. 1940 அக்டோபரில் பாஸ்டன் நகரில் தேர்தல் பிரசாரம் செய்தபோது, உங்கள் பிள்ளைகள் அந்நிய யுத்தம் எதற்கும் அனுப்பப்பட மாட்டார்கள் என்று தாய் தந்தையருக்கு உறுதி கூறினார். தேர்தல் முடிந்ததும், அடுத்த வீடு பற்றியெரியும்போது தண்ணீர்க் குழாயைக் கடன் கொடுப்பதில்லையா என்று கேட்டு, பிரிட்டனுக்கு ஆயுதம் வழங்கும் சட்டத்தை 1941 மார்ச்சில் நிறைவேற்றுவித்தார். எனினும் ஜனங்களின் தயக்கம் தீரவில்லை. சிப்பாய்களின் சேவைக் காலத்தை நீட்டிக்கும் மசோதா 1941 ஆகஸ்டில் பிரதிநிதிகள் சபையில் 203-க்கு 202 என்று ஒரே வோட்டு வித்தியாசத்தில் தப்பியது. நான்கு மாதத்தில் பெர்ல் துறைமுகத்தை ஜப்பான் தாக்கியது. அந்த ஒரு வோட்டு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் பயிற்சி பெற்ற பட்டாளம் கலைந்து வீடு போயிருக்கும்.

மறுநாள் டிசம்பர் 8-ந் தேதி யுத்தப் பிரகடனத் தீர்மானத்திற்கு 388 பேர் சம்மதம் தெரிவித்தனர். மறுத்தவர் ஒரே ஒருவர். மான்டானா ராஜ்யத்தின் ஜென்னட் ராங்கின் அம்மையார்தான் அவர். 1917-லும் மறுத்து வோட்டளித்த 50 பேரில் அவரும் ஒருவர். அன்று அவருடைய முடிவு சரியென்று நாம் சொல்லவரவில்லை. தாக்கப்பட்ட தேசம் எதிர்த்து நிற்காமல் வேறென்ன செய்யும்? ஆனால் நானூறு பேர் கொண்ட சபையில் தனியாக எழுந்து மறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது என்பதையும், அந்த மறுப்பு எழுத்தில் பதிவாயிற்று என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். யுத்தம் முடிந்ததும் அவர் காந்தியத்தைக் கற்பதற்காக இந்தியாவுக்குப் பலமுறை வந்து போனார்.

ஆவடியில் கூடிய மகாசபை

1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடியது. மாநாட்டு நகருக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்டார்கள். யு. என். தேபர் தலைமை வகித்தார். சம்மதமில்லாத யுத்தத்தை எதிர்த்துச் சிறை சென்ற காமராஜர் அப்போது ராஜ்யத்தின் முதல்மந்திரி. அவருக்கு முன் அதே காரணத்திற்காகச் சிறை சென்று, 1943-ல் மறைந்துவிட்ட தலைவரின் பெயர் பந்தல் வாயிலில் நின்றது. சோஷலிஸ பாணியிலான சமுதாயம் என்ற தீர்மானத்திற்காகவே ஆவடியைச் சரித்திரம் நினைவு வைத்திருக்கிறது. ஆனால் அந்நாட்களின் மற்றொரு கேள்வியும் அதற்குக் குறைந்ததன்று. அமெரிக்கா ஒரு பக்கமும் ரஷ்யா ஒரு பக்கமும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. நாலு மாதங்களுக்கு முன்புதான், நமது சிப்பாய்கள் ஒரு காலத்தில் மடிந்த அதே மணிலாவில், தென்கிழக்கு ஆசிய ராணுவ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பாகிஸ்தான் சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. மூன்று மாதங்களுக்குப் பின் நேரு பாண்டுங் மாநாட்டுக்குச் சென்றார்.

1956 ஜூனில் அமெரிக்க ராஜாங்க மந்திரி டல்லஸ், நடுநிலைமை என்பது பெரும்பாலும் நீதிக்கு மாறானது, தொலைநோக்கற்றது என்று பேசினார். நூற்றைம்பது வருஷ காலம் நடுநிலைமையையே தர்மமாகப் போற்றிய தேசத்தின் மந்திரி இவர்! மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் பெண்கள் சொல்வது இதைத்தான்.

நமது நடுநிலைமை ஒதுங்கலும் அன்று. கொரியாவில் 1950-ல் யுத்தம் மூண்டபோது இந்தியா போர்ப் படையை அனுப்பவில்லை. லெப்டினண்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் வைத்தியப் படையை அனுப்பியது. சண்டை நின்றபின், தாயகம் திரும்ப விரும்பாத கைதிகளைப் பாதுகாக்கும் கடினமான பொறுப்பை இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டு இந்தியாவிடமே ஒப்படைத்தனர். ஜெனரல் திம்மய்யாவும் ஜெனரல் தோரட்டும் அதை நிறைவேற்றினர். இரு தரப்புக்கும் போகமாட்டோம் என்று சொன்ன 88 கைதிகள் 1954 பிப்ரவரியில் நமது பட்டாளத்தோடு சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். யுத்தத்திற்குப் போகாதிருந்தும் உலகத்திற்கு உபகாரம் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. ஆனால் நடுநிலைமையாளன் ஆயுதமில்லாமல் இருக்கலாகாது என்பதை 1962-ல் சீனா நமக்குக் கற்பித்தது. ஆவடித் தொழிற்சாலையின் சத்தம் அந்தப் பாடத்தை இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது.

நாமே செய்த பிழை

பிறர் நம்மைக் கேளாமல் நம் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்று சொன்னோம். சுதந்திரம் வந்தபின் நாம் என்ன செய்தோம்? 1987-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மறுநாளே இந்தியப் பட்டாளம் இலங்கையில் இறங்கியது. பாராளுமன்றத்தின் வோட்டைப் பெற்று அது அனுப்பப்படவில்லை. சமாதானத்தைக் காக்கப் போன படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு யுத்தத்தில் இறங்கிற்று. யாழ்ப்பாணத்து ஜனங்கள் எந்தப் படையை மாலையிட்டு வரவேற்றார்களோ அதே படைக்கு அஞ்சி ஒளியும் நிலை வந்தது. 1,100-க்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் உயிரிழந்தனர். சாதாரணத் தமிழ்க் குடிமக்கள் பலரும் மாண்டனர். 1990 மார்ச்சில் கடைசிப் பகுதி திரும்பிச் சென்னையில் இறங்கியபோது, அப்போதைய முதல்மந்திரி மு. கருணாநிதி வரவேற்புக்குச் செல்ல மறுத்தார். அவர் செய்தது சரியா, தவறா என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் சர்க்கார் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து சென்ற ஏழைச் சிப்பாய், அனுப்பியவர்களின் பிழைக்காகத் துறைமுகத்தில் தலைகுனிய நேர்ந்தது என்பதில் வாதத்திற்கு இடமில்லை. ஜனங்களின் சம்மதமின்றிப் போன பட்டாளம் ஜனங்களின் நன்றியின்றித் திரும்பும்.

2003-ல் வேறொரு விதமாக நடந்தது. ஈராக்கைப் பிடித்த அமெரிக்கா, அங்கே காவல் செய்ய இந்தியாவிடம் ஒரு டிவிஷன் படையைக் கேட்டது. அனுப்பலாம் என்று சொன்ன பெரியவர்களும் இருந்தனர். ஆனால் ஏப்ரலிலேயே பாராளுமன்றம் அந்த யுத்தத்தைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. எதிர்க்கட்சிகளும் பொதுஜன அபிப்பிராயமும் எதிராக இருந்தன. ஐக்கிய நாடுகள் சபையின் தெளிவான கட்டளை இல்லாமல் படை அனுப்புவதற்கில்லை என்று ஜூலை 14-ந் தேதி வாஜ்பாய் சர்க்கார் முடிவு செய்தது. ஈராக்கில் பின்னர் நடந்த அனர்த்தங்களைப் பார்த்தவர்கள் அந்த முடிவின் அருமையை அறிவார்கள். 1987-ல் விவாதமின்றிப் போனோம். 2003-ல் விவாதித்தபின் நின்றோம். கேட்பதனால் விளையும் நன்மைக்கு நமது அனுபவமே போதிய உதாரணம்.

செய்யவேண்டியது

நமது அரசியல் சட்டத்தில் யுத்தமும் சமாதானமும் மத்திய சர்க்காரின் அதிகாரப் பட்டியலில் அடங்கியிருக்கின்றன. ஆனால் படையை அந்நிய நாட்டுக்கு அனுப்புமுன் பாராளுமன்றத்தின் சம்மதத்தைப் பெறவேண்டுமென்று அதில் எங்கும் விதியில்லை. 2003-ல் நாம் தப்பியது ஒரு பிரதம மந்திரியின் நிதானத்தால்; சட்டத்தின் பலத்தால் அன்று. நிதானமில்லாத ஒருவர் அந்த ஆசனத்தில் அமரும் நாளுக்கும் சேர்த்தே சட்டம் செய்ய வேண்டும்.

எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவே உதாரணம். அவர்கள் முறைப்படி செய்த கடைசி யுத்தப் பிரகடனம் 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய மூன்று தேசங்களின் மீது. அதன்பின் கொரியாவிலும் வியட்நாமிலும் ஈராக்கிலும் பிரகடனமில்லாமலே யுத்தம் நடந்தது. வியட்நாமில் 58,000 அமெரிக்கர்கள் மாண்டபின் 1973-ல் ஜனாதிபதியைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் செய்தார்கள். பிறகு வந்த ஜனாதிபதிகள் அதையும் சுற்றிக்கொண்டு போக வழி கண்டார்கள். பிரதிநிதிகள் விழிப்பாக இல்லாத தேசத்தில் சட்டப் புஸ்தகம் அலமாரியில் தூங்கும். ஆனால் சட்டம் பலன் தந்த தேசமும் உண்டு. ஜெர்மனியில் 1994-ல் அரசியல் சட்டக் கோர்ட்டு அளித்த தீர்ப்புப்படி, ஆயுதப் படையை வெளிநாட்டுப் போர்க்காரியத்திற்கு அனுப்பப் பாராளுமன்றத்தின் சம்மதம் வேண்டும். இரண்டு மகாயுத்தங்களை மூட்டியதாகப் பழி சுமந்த தேசமே இந்த ஒழுங்குக்கு உட்பட்டிருக்கும்போது, அஹிம்ஸையைப் போதித்தவரின் தேசம் உட்படுவதில் என்ன இழுக்கு?

எதிரி திடீரென்று தாக்கினால் விவாதத்திற்கு அவகாசம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லட்லோவின் யோசனையிலேயே தாக்குதலுக்கு விலக்கு இருந்தது. நாமும் அந்த விலக்கை வைத்துக்கொள்ளலாம். ராணுவ ரகசியம் வெளிப்பட்டுவிடாதா என்பார்கள். எந்த நாளில், எந்த வழியாகப் படை போகிறது என்பது ரகசியமாக இருக்கட்டும். எதற்காகப் போகிறது, எப்பொழுது திரும்பும் என்பவை ரகசியமாக இருக்கலாகாது. அந்த இரண்டும் சொல்ல முடியாத யுத்தத்திற்கு ஒருவனும் போகவேண்டியதில்லை.

பூந்தமல்லியிலிருந்து பரங்கிமலைக்குச் செல்லும் சாலையில், நந்தம்பாக்கத்தில் யுத்தத்தில் மாண்டவர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. பல ஊர்களில் சிதறிக் கிடந்த கல்லறைகளைச் சேர்த்து 1952-ல் அதை அமைத்தார்கள். புல் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கும். வெண்கற்கள் வரிசையாக நிற்கும். தங்கள் தாயகத்திற்கு வெகு தூரத்தில் உறங்குகிறவர்கள் அங்கே அநேகர். அந்தக் கற்களில் பெயரும் பட்டாளமும் தேதியும் வயதும் பொறித்திருக்கின்றன. யாரைக் கேட்டு அனுப்பினார்கள் என்பது பொறிக்கப்படவில்லை. அந்தக் கேள்விக்கு விடையை இடுகாட்டில் தேடிப் பயனில்லை. சட்டசபையில், பட்டாளம் புறப்படுமுன், நாம் கேட்டுப் பெறவேண்டும்.